அம்மாவிடம் கேட்டு எடுத்த படம்

போன வருடம் அம்மாவை அழைத்துக்கொண்டு முதன்முறையாகச் சீனா பார்க்கப் போனேன். உடப்புசல்லாவைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து பறித்தவர் அம்மா. ஷாங்காய் கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறதென்றார். ஆனால் சீனப் பெருஞ்சுவரில் நான் மூச்சிரைக்க ஏற, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

மேலே ஒரு சீனப் பெண் அம்மாவின் சேலையையும் தன் போனையும் மாறிமாறிக் காட்டித் தயக்கத்தோடு சிரித்தாள்.

“என்னாவாம் புள்ள?”

“ஒங்களப் படம் எடுக்கலாமான்னு கேக்குறாங்கம்மா.”

அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

“மலையில கொழுந்து எடுக்கையில எத்தன வெள்ளக்காரங்க என்னையப் படம் புடிச்சிருக்காங்க! ஒருத்தரும் கேட்டதில்லயே.”

முந்தானையைச் சரிசெய்து, அந்தப் பெண்ணையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அவ்வளவு நிமிர்ந்து அம்மா சிரித்து நான் பார்த்ததேயில்லை. பெருஞ்சுவர் எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும், எனக்கு அம்மாவின் முகம்தான் ஞாபகம் வருகிறது.