அக்காவின் இதயத்துக்கு ஒரு பலூன்: மஸ்கெலியாவில் இருந்து கொழும்பு வரை

மலைநாட்டில் இருந்து யாரையாவது இதய சிகிச்சைக்குக் கொழும்புக்குக் கூட்டிப்போக இருக்கிறீர்களா? அப்படியானால் இதை வீட்டில் இருக்கும்போதே வாசித்துவிடுங்கள். அட்டன் பஸ் நிலையத்துக்கு வந்தபிறகு வாசித்துப் பயனில்லை. நான் கற்றுக்கொண்டதெல்லாம் அங்கேதான், அதுவும் பிந்தி.

பயணம் போனது 2007 ஒக்டோபரில், ஒரு புதன்கிழமை. நோயாளி என் அக்கா புஷ்பம், அப்போது முப்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. அவள் இன்னும் அங்கேதான் பேர் போடுகிறாள், அதாவது தினமும் வேலைக்குப் பேர் பதிகிறாள்.

அக்காவைப் பற்றித் தோட்டத்தில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: அமைதியான பிள்ளை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஏசினாலும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மலையில் ஏறும்போது மற்றப் பெண்களுக்குப் பின்னால் தங்கிவிடுவாள். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம். சோம்பேறி என்றும் சொன்னார்கள். அதற்கு முந்தின வருஷம் மூச்சு வாங்கி மயங்கி விழுந்த பிறகுதான் அட்டனுக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் அனுப்பினார்கள். ஸ்கான் எடுத்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். முதல் கேள்வியே, "சின்னனில தொண்டை நோ வந்து, பிறகு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததோ?" என்பதுதான்.

வந்தது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி லய அறை ஒன்றில் நாங்கள் ஏழு பேர். ஒருவருக்குத் தொண்டைப் புண் வந்தால் ஏழு பேருக்கும் வரும். தோட்ட மருந்தறையில் வெள்ளைக் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் காய்ச்சல் மூட்டை விட்டுவிட்டு இதயத்தைப் பிடித்துக்கொண்டது. இதயத்தின் இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கதவு மாதிரி ஒரு வால்வு இருக்கிறது. அந்தக் கதவின் இரண்டு இதழ்களும் ஓரத்தில் ஒட்டிப்போய், வாசல் சுருங்கிவிட்டது. இரத்தம் முன்னே போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்குகிறது. அதனால்தான் மூச்சு வாங்கியது. சோம்பலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

நெஞ்சைப் பிளக்காமல் பலூனால் இதைத் திறக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் பலூன் கையிருப்பில் இருக்க வேண்டும். இரண்டு தடவை தேதி தள்ளிப்போனது. கடைசியில் வார்டில் இருந்து என் போனுக்கு அழைத்தார்கள்: பலூன் வந்திருக்கிறது, புதன்கிழமை நாலு மணிக்குள் நோய் விவரம் எழுதிய கிளினிக் கொப்பியோடு வர வேண்டும், வராவிட்டால் கட்டில் அடுத்த நோயாளிக்கு. டாக்டர் ஏற்கனவே எச்சரித்திருந்தார். இன்னும் சில மாதம் இப்படியே விட்டால் பலூன் தாங்காத நிலைக்கு வால்வு போய்விடும்.

காலை ஐந்தரைக்கு லயத்தில் இருந்து இறங்கினோம். கீழே பாதைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். இறக்கம் என்பதால் அக்கா மூன்று இடத்தில் மட்டும் நின்றாள்: சவுக்கு மரத்தடி, தண்ணீர் கொட்டும் பீலி, கடைசியாகப் பாலம். ஏறும்போது எத்தனை இடம் என்று எண்ணியதில்லை. ஆறு இருபதுக்கு பஸ். மஸ்கெலியா வழியாக அட்டனுக்கு எட்டு மணிக்கு வந்து சேர்ந்தோம், ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். எட்டரைக்குக் கொழும்பு பஸ் இருந்தது. பகல் ஒன்றரைக்குள் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டே கேட்டேன்.

"அக்கா, கிளினிக் கொப்பிய எங்கிட்ட குடு. நான் வச்சிக்கிறேன்."

"ஆபீஸ்ல... குடுத்துட்டேன்டா."

"எந்த ஆபீஸ்ல?"

"தோட்டத்து ஆபீஸ்ல. நேத்து."

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தோட்டத்தில் எதற்கும் துண்டு, அதாவது எழுதிய சீட்டு வேண்டும். சுகமில்லை என்றால் துண்டு, வெளியே போவதென்றால் துண்டு. துண்டில்லாமல் சில நாள் வராவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் குடியிருக்கக் கொடுத்த லயக் காம்பிராவுக்கும் கேள்வி வரும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கொண்டுபோய் ஆபீஸில் காட்டுவார்கள். திரும்பி வரும்வரை ஆபீஸ் அதை வைத்துக்கொள்ளும். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அக்காவும் ஸ்கான் முடிவு, மருந்துக் குறிப்பு எல்லாம் இருந்த கொப்பியை அப்படியே நீட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

"ஒனக்கு மூள இருக்கா? கொப்பி இல்லாம அங்க எப்படிப் படுக்க வைப்பாங்க?" நான் கத்தியதில் பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது.

அவள் மூச்சை எடுத்துக்கொண்டு துண்டுதுண்டாகச் சொன்னாள். "டாக்டருக்குத்தான்... என்னயத் தெரியுமே. ரெண்டு தடவ... பாத்திருக்காரு. ஆபீஸுக்குத்தான்... தெரியாது."

பதினைந்து வருஷமாக அவள் கொழுந்து நிறுத்துக் கொடுக்கிற ஆபீஸ் அது. அதற்கு மேல் என்னால் ஏச முடியவில்லை.

ஆபீஸுக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஓட்டோக்காரர் ஒருவரைப் பிடித்தேன். பெயர் ரஞ்சித், ஐம்பது வயதிருக்கும், சிங்களவர், எங்கள் தமிழை நன்றாகப் பேசினார். தோட்டத்துக்குப் போய், காத்திருந்து, திரும்ப வர ஆயிரத்தெண்ணூறு. பேரம் பேச நேரமில்லை. அக்காவைத் தனியாக அட்டனில் விடவும் பயம், குழிப் பாதையில் கூட்டிப்போகவும் பயம். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கூட்டிக்கொண்டுதான் போனேன்.

"என்ன வருத்தம் தங்கச்சிக்கு?" என்று கண்ணாடியில் பார்த்தார் ரஞ்சித்.

சொன்னேன்.

"அட, நம்ம அப்பாவுக்கும் பலூன்தான் தம்பி! அவருக்கு வால்வு இல்ல, ஹார்ட்டுக்கு ரத்தம் போற கொழாய் அடச்சிருச்சி. பலூன ஊதி, வலைக் கம்பி ஒண்ணு வச்சாங்க. டாக்டர் பலூன்னு சொன்னதும் நான் கேட்டேன், அப்பாவுக்கு என்ன பெறந்த நாளான்னு. அம்மா என்னய அடிக்க வந்துட்டாங்க."

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. ரஞ்சித் வேகத்தைக் குறைத்தார். குறைத்ததும் எனக்குக் கோபம், கூட்டியதும் பயம். அந்த ஒரு மணி நேரம் முழுக்க இப்படியே போனது.

இருமல் அடங்கியதும் அக்கா கேட்டாள். "பலூன்... உள்ளுக்குள்ள... வெடிச்சிட்டா?"

டாக்டரிடம் கேட்கிறேன் என்றேன்.

ஒன்பது இருபதுக்கு ஆபீஸ். கிளாக்கர் ஐயா பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். கொப்பி தோட்ட மேனேஜர் துரையின் டிராயரில் இருக்கிறதாம். துரை மலைக்குப் போயிருக்கிறாராம். வந்ததும் கேட்டுப் பார்க்கலாமாம்.

"ஐயா, நாலு மணிக்குள்ள கொழும்புல நிக்கணும்."

"அவ்வளவு அவசரம்னா நேத்தே சொல்லியிருக்கணும் தம்பி. புஷ்பம் ஒண்ணுமே சொல்லலியே. சும்மா நீட்டிட்டுப் போயிருச்சி."

இருபது நிமிஷம் கெஞ்சினேன். பிறகு சண்டை போட்டேன். இரண்டுக்கும் அவர் ஒரே முகத்தைத்தான் காட்டினார். அப்போது ரஞ்சித் உள்ளே வந்தார். சிங்களத்தில், குரலை உயர்த்தாமல், ஒரே ஒரு விஷயம் சொன்னார்: வெளியே என் ஓட்டோவில் இருக்கிற பெண் இந்த வாசலில் செத்தால், பொலிஸுக்கு நான்தான் சாட்சி. கிளாக்கர் ஐயாவின் மேசைக்குள்ளேயே டிராயரின் இன்னொரு சாவி இருந்தது. முதலில் இருந்தே இருந்திருக்கிறது. நான் தமிழில் கேட்டபோது இல்லாத சாவி.

ஒன்பதே முக்கால். அட்டனுக்குத் திரும்பினால் பிந்திவிடும் என்று ரஞ்சித் நோட்டன் பிரிட்ஜ் பாதையில் திருப்பினார். இந்தக் குறுக்கு வழியைக் குறித்துக்கொள்ளுங்கள்: மஸ்கெலியாப் பக்கம் இருப்பவர்கள் அட்டனுக்கு ஏறாமல், நோட்டன் வழியாகக் கினிகத்தேனைக்கு இறங்கிக் கொழும்பு பஸ்ஸைப் பிடிக்கலாம். பாதை மோசம், வளைவு அதிகம். வாந்தி வருகிறவர்களுக்குப் பை கொண்டுபோங்கள். பதினொன்று ஐந்துக்கு இறங்கினோம். வழி கூடியதற்கு மேலதிகமாக நூறு ரூபாய்கூட வாங்கவில்லை ரஞ்சித். "தங்கச்சி, பலூன் போட்டுட்டு வந்து எனக்கு கேக் குடுக்கணும்" என்றார்.

பதினொன்று இருபது பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். அக்காவுக்கு ஒரு முஸ்லிம் அம்மா இடம் கொடுத்தார். கொழும்புக்குள் நுழையும் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். போர்க்காலம், அப்போது அது வழக்கம். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் என்றால் தனி வரிசை. எதற்கு வந்தாய், எங்கே தங்குவாய், யாரைத் தெரியும் என்று கேள்விகள். மணி இரண்டே முக்கால். கிளினிக் கொப்பியை விரித்துக் காட்டினேன். சிப்பாய் தேதியைப் பார்த்தார், அக்காவின் உதட்டைப் பார்த்தார், கையை ஆட்டி அனுப்பினார். அந்தக் கொப்பி இல்லாவிட்டால் அன்று இருவரும் எங்கே இருந்திருப்போம் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

வார்டு வாசலில் மூன்று ஐம்பத்திரண்டு.

நான் மருதானையில் ஒரு லொட்ஜில் தங்கினேன், பொலிஸ் பதிவோடு. மறுநாள் காலை சிகிச்சை. அதற்கு முன் டாக்டர் என்னிடம் கையெழுத்து வாங்கினார். நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன், வால்வு அளவுக்கு மீறிக் கிழிந்தால் உடனே நெஞ்சைத் திறக்க வேண்டி வரும் என்றார். நான் அக்காவின் கேள்வியைக் கேட்டேன்.

"பயப்பிடாதேங்கோ. உள்ளுக்குக் காத்து அடிக்கிறதில்லை. மருந்து கலந்த தண்ணிதான் விடுறம். பலூன் வெடிச்சாலும் காத்து இரத்தத்தில போகாது."

காலின் மேல்பக்கம், இடுப்புக்குக் கீழே ஊசித் துளை. அந்த வழியாக மெல்லிய குழாய் இதயம் வரை போகிறது. நுனியில் சுருங்கிய பலூன். வால்வுக்குள் வைத்து நிரப்பினால் இரண்டு பக்கமும் உப்பி, நடுவே ஒடுங்கி, உடுக்கை மாதிரி நிற்கும். அப்போதுதான் வழுக்காமல் பிடிக்கும். இன்னும் கொஞ்சம் நிரப்பினால் அந்த இடுப்பும் விரிந்து, ஒட்டிய இதழ்கள் பிரியும். சில விநாடிகளில் சுருக்கி எடுத்துவிடுவார்கள். மயக்க மருந்து இல்லை, காலில் மரப்பு ஊசி மட்டும். அக்கா முழுக்க விழித்திருந்தாள்.

நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தது ஒன்றே கால் மணி நேரம். கதவு எட்டு தடவை திறந்தது. எட்டு தடவையும் எழுந்து நின்றேன். ஒன்பதாவது தடவை டாக்டரே வந்து, "நல்லா விரிஞ்சிட்டுது" என்றார். எப்போது பார்க்கலாம் என்று கேட்டேன்.

மாலை பார்க்கப் போனபோது அக்கா காலை மடக்காமல் மல்லாந்து கிடந்தாள். பல மாதங்களாக அவளால் தட்டையாகப் படுக்க முடிந்ததில்லை. அடுத்த கட்டில் பாட்டியைக் கண்ணால் காட்டினாள். "மூத்திரக் கொழாய இழுக்கப் போயி நர்ஸ் மிஸ்கிட்ட ஏச்சு வாங்கிச்சி. அதுலயும் நுனியில சின்ன பலூன் இருக்காம்டா. தண்ணி நெறச்சி வச்சிருக்கிறதாலதான் விழாம நிக்குதாம். இழுத்தா உள்ள கிழிச்சிருமாம்." சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். நடுவில் ஒரு இடத்திலும் அவள் நிறுத்தவில்லை.

இனி போகிறவர்களுக்குச் சில வார்த்தை. எல்லா வால்வுக்கும் பலூன் சரிவராது. ஸ்கான் பார்த்து டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிறவர்கள் எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். பலூன் போட்டதும் நோய் தீர்ந்தது என்று, அந்தக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க மாதாமாதம் போடும் பென்சிலின் ஊசியைக் கைவிட்டால் வால்வு திரும்பச் சுருங்கலாம். பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண்ணோடு காய்ச்சல் வந்தால், வெள்ளைக் குளிசையை வாங்கிக்கொண்டு பேசாமல் வராதீர்கள். மூட்டு வீங்கினால் அன்றே ஆஸ்பத்திரி. கிளினிக் கொப்பியை எவன் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஒரு பக்கம் விடாமல் போட்டோகொப்பி எடுத்து, அதைக் கொடுங்கள்.

அக்காவுக்கும் அப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் சொன்ன ஓய்வு முடிந்ததும், மஸ்கெலியாவில் நகல் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கி, லயத்துக்கும் மேலே இருக்கும் ஆபீஸுக்கு நடந்தோம். ஏற்றம். பாலத்தில் நான் நின்றேன், அவள் நிற்கவில்லை. பீலியில் நிற்கவில்லை. சவுக்கு மரத்தடியில் திரும்பி, "வாடா, என்ன கெழவன் மாதிரி" என்றாள்.

கிளாக்கர் ஐயா போட்டோகொப்பியைப் புரட்டிவிட்டு மேசையில் போட்டார். "அசல் எங்க? அசல்தான் வேணும்." நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"அசல் எங்கிட்டதான் ஐயா இருக்கும், அடுத்த மாசம் கிளினிக்குக்கு அதோடதான் போகணும், போன தடவ நீங்க அதப் பூட்டி வச்சதுல கட்டில் போயிருக்கும், கட்டில் போனா பலூன் போயிருக்கும், பலூன் போனா நானே போயிருப்பேன், இந்த நகல வச்சிக்கிட்டு பேர் போடுறதுன்னா போடுங்க, வெட்டுறதுன்னா எதுக்கு வெட்டுனேன்னு நீங்க எனக்கு ஒரு துண்டு எழுதிக் குடுங்க."

ஒரே மூச்சு. கிளாக்கர் ஐயா பேனாவை மூடினார், திறந்தார்.

"இத்தன வருஷமா நீ வாயில்லாப் புள்ளன்னுல்ல நெனச்சேன்" என்றார் நகலைக் கோப்பில் வைத்தபடி.

"வாய் இருந்திச்சி ஐயா," என்றாள் அக்கா. "மூச்சுதான் இல்ல."