வெளியே கேட்காத ஹெட்போன்

கலஹாவில் இருந்து பல்லேகலைக்கு வேலைக்குப் போக எனக்கு இரண்டு பஸ். முதலாவது பேராதனை வழியாகக் கண்டிக்கு வரும். அங்கே இறங்கி மற்றதைப் பிடிக்க வேண்டும். ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் பெட்டிகளை எண்ணி அடுக்கும் வேலை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்த எனக்கு அது நல்ல வேலைதான். பயம் எல்லாம் பயணத்தில்தான் இருந்தது.

அது யுத்த காலம். எங்கேயோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது என்று செய்தி வந்தால், அடுத்த நாள் காலையில் எங்கள் பஸ்ஸிலும் எல்லோரும் ஒருவர் பையை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் சிங்களம் வேலைக்குப் போதும். ஆனால் இரண்டாவது சொல்லிலேயே நான் தமிழன் என்று தெரிந்துவிடும். பிறகு ஊர் எது, வேலை எங்கே, சொந்தக்காரர் வடக்கில் இருக்கிறார்களா என்று கேள்விகள் வரும். அவர்கள் சும்மாதான் கேட்பார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சிறு வயதில் இருந்தே நான் கூச்சக்காரன்.

அதனால்தான் வோக்மன் வாங்கினேன். காதில் எதையாவது மாட்டியிருப்பவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அதோடு கொடுத்த ஹெட்போன் மெல்லிய கம்பியும் இரண்டு பஞ்சு வட்டமும்தான். பழைய தமிழ்ப் படப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டு இரண்டு வருடம் நிம்மதியாகப் போய் வந்தேன்.

ஒரு காலை, பக்கத்தில் இருந்த வயதான கிளார்க் ஒருவர் என் தோளைத் தொட்டார். தன் காதைக் காட்டி, "மாத்தயா, வெளியே கேக்குது" என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். பஞ்சைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. முன் இருக்கையில் இருந்த இரண்டு பேர் ஏற்கெனவே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடமாக நான் என்னை மறைத்துக்கொண்டு போவதாக நினைத்திருந்தேன். இரண்டு வருடமாக முழு பஸ்ஸுக்கும் என் காது தமிழில் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த சம்பளத்துக்குக் காத்திருந்து, சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் கண்டியில் ஒரு கடைக்குப் போனேன். ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்னக் கடை. உரிமையாளர் ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். ரேடியோ திருத்துவார். மத்திய கிழக்கில் இருந்து திரும்பி வருபவர்கள் கொண்டுவரும் நல்ல சாமான்களை வாங்கி விற்பார். தமிழ் பேசுவார் என்பதால்தான் அங்கே போனேன்.

"நானா, வெளியே சத்தம் வராத ஹெட்போன் வேணும்" என்றேன்.

"பாட்டு நல்லாக் கேக்க வேணுமா, வெளியே கேக்காம இரிக்க வேணுமா?"

"வெளியே கேக்கக் கூடாது."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. எழுந்து போய்க் கடையின் கதவை ஒருச்சாய்த்துவிட்டு வந்தார்.

முதலில் எடுத்துக் கொடுத்தது வெளிப்பக்கம் வலைபோல இருந்த ஒன்று. மாட்டியதும் திகைத்துப் போனேன். தபேலா எனக்கு முன்னால் ஒரு கஜ தூரத்தில் இருப்பதுபோல் இருந்தது. பாடுகிறவர் மூச்சு எடுப்பது கேட்டது. நானா சிரித்துக்கொண்டே அதைக் கழற்றினார்.

"இதுதான் நல்ல சாமான். ஆனா பின்பக்கம் திறந்தது. உங்களுக்குக் கேக்கிறது எனக்கும் கேக்குது. இது வூட்டுல இருந்து கேக்கிற ஆளுக்கு."

அடுத்தது பின்பக்கம் மூடிய பெரியது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாவிப்பது என்றார். மாட்டினால் பாட்டு பக்கத்து வீட்டில் பாடுவதுபோல் தூரமாகக் கேட்டது. "இதை ஓட்ட ஒங்கட சின்னப் பெட்டிக்குப் பெலன் காணாது. மாட்டு வண்டி மாட்டை லொறியில கட்டின மாதிரி" என்று அதையும் எடுத்து வைத்தார்.

மூன்றாவது, கறுப்பு நிறத்தில், மூடியதுதான். ஆனால் மடிக்கலாம். காதைச் சுற்றி மெத்தை முழுதாக உட்கார்ந்தது. அழுத்தமாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் காது வியர்த்தது. தபேலா கொஞ்சம் பெட்டிக்குள் அடிப்பதுபோல் இருந்தது. புல்லாங்குழல் மட்டும் மிக நன்றாக இருந்தது.

நானா இரண்டு கதிரைகளைப் பஸ் இருக்கைபோல ஒட்டிப் போட்டார். ஒன்றில் நான், மற்றதில் அவர், தோளோடு தோள் உரசிக்கொண்டு. நான் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். அவர் தன் காதை என் காதுக்குக் கிட்டக் கொண்டுவந்து கேட்டார். கடைசியில் கையை விரித்தார். ஒன்றும் வரவில்லை.

"கபுருக்குள்ள வச்ச மாதிரி" என்றார், புதைகுழியைச் சொல்லி.

வெளியே எவ்வளவு போகிறது என்று அத்தனை கவனமாகப் பார்த்தோம். உள்ளே என்ன வருகிறது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் யாருக்கும் அது தோன்றியிருக்காது. நம் சத்தம் வெளியே போகக் கூடாது என்பது ஒன்றுதான் எல்லோருக்கும் நினைவு.

விலையைக் கேட்டு என் மனைவி ஹெட்போனை என் கையில் இருந்து வாங்கிப் பார்த்தாள். பிறகு, "காதுக்கு வாங்கப் போறேன்னு சொன்னீங்க. ஒரு சோடி தோடு வருதுன்னுல நெனச்சேன்" என்றாள். எதற்காக வாங்கினேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சிரித்தாள்.

இரண்டு கிழமை நன்றாகப் போயிற்று. பல்லேகலைக்குப் போகும் வழியில் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் இருந்த சோதனைச் சாவடி வருவதற்குள் கழற்றி வைத்துவிடுவேன். அங்கே எல்லோரும் பையோடு இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து போய் அடுத்த பக்கத்தில் ஏற வேண்டும். பஸ்ஸில் ஒரு பை கூட இருக்கக் கூடாது.

அன்று மழை. ஷட்டர் எல்லாம் இறக்கியிருந்தது. என் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. பின்னால் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். முந்தின நாள் இரவுதான் ஆமிக்காரர்கள் பாலத்துக்கு மிக முன்னாலேயே, ஒரு திருப்பத்தில், புதிதாக ஒரு சாவடி போட்டிருந்தார்கள். எனக்குத் தெரியாது.

பஸ் நின்றது தெரிந்தது. யாரோ ஏறுகிறார்கள் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது பஸ்ஸில் ஒருவரும் இல்லை.

முன் படியில் ஒரு ஆமிக்காரர் துவக்கை என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். அவருடைய வாய் அசைந்தது. எனக்குப் பாட்டுத்தான் கேட்டது. எல்லோரும் இறங்கிய பஸ்ஸில் இறங்காமல் இருக்கும் ஒருவன். அவன் தலையில் இருந்து ஒரு வயர் மடியில் உள்ள பைக்குள் போகிறது. ஒரு கை பைக்குள் இருக்கிறது. அப்போதுதான் அந்தக் கை என்னுடையது என்று உறைத்தது. பாட்டை நிறுத்த விரலை அழுத்தப் பயமாக இருந்தது. கையை எடுக்கவும் பயமாக இருந்தது. அவர் தன் இடது கையை மேலே தூக்கிக் காட்டினார். நானும் இரண்டு கையையும் மெதுவாகத் தூக்கினேன்.

கீழே இறக்கினார்கள். பயணிகள் எல்லோரும் தூரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். சட்டைக் கையில் பதவிப் பட்டி வைத்த, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெரிய ஆமிக்காரர் வந்து, ஹெட்போனை என் தலையில் இருந்து கழற்றினார்.

"கூப்பிட்டது கேக்கலையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கேக்கல சேர்."

"ஒக்கோம பஹின்ன, எல்லாரும் இறங்குன்னு மூணு தரம் கத்தினது. அங்க நிக்கிற கிழவிக்கும் கேட்டிருக்கு. உனக்கு மட்டும் கேக்கலையா?"

"தினமும் வாறவர் சேர்" என்று கண்டக்டர் தள்ளி நின்று சொன்னார். "நல்ல மனுசன். ஒருத்தரோடயும் பேச மாட்டார்."

"பேசாதவனைத்தான் பாக்கணும்" என்றார் பெரியவர். தாழ்வாரத்தில் யாரோ சிரித்தார்கள்.

பையைக் கொட்டினார்கள். சோற்றுப் பார்சல், குடை, வோக்மன், இரண்டு கெசட். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, ஓரத்தில் நின்ற ஜீப்பில் இருந்தவரிடம் கொடுத்தார்கள். அந்த ஜீப்பில் ஏறினால் எப்போது இறங்குவோம் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருவர் ஏறி எட்டு மாதம் ஆகியிருந்தது, இன்னும் திரும்பவில்லை.

பெரியவர் ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி. மாட்டு. பாட்டைப் போடு. முன்ன மாதிரியே சத்தம் வை. அந்தப் பக்கம் பாத்து நில்லு" என்றார்.

ரோட்டோரம் மழைத் தண்ணீர் ஓடும் கான் பக்கம் திரும்பி நின்றேன். அவர் என்ன செய்யப் போகிறார் என்று விளங்கியது. எனக்கு உண்மையிலேயே கேட்காதா என்று பார்க்கப் போகிறார். கேட்டது தெரிந்தால் நான் பொய்யன். பஸ்ஸில் வேண்டுமென்றே இருந்தவன்.

பாட்டு முழுச் சத்தத்தில் ஓடியது. ஒன்றும் கேட்கவில்லை. மழைகூடக் கேட்கவில்லை. சரணம் முடிந்தது. தபேலா நின்றது. புல்லாங்குழல் மட்டும் தனியாக வந்தது.

அப்போது பின்னால் துவக்கின் இரும்பு இழுபடும் சத்தம். பிறகு ஒரு குரல், தமிழில், சாதாரணமாக, "திரும்பு."

கழுத்து தானாகவே அசையப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அது சோதனையா, கட்டளையா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டளையாக இருந்து நான் திரும்பாவிட்டால் என்ன ஆகும்? கானில் மழைத் தண்ணீர் ஒரு பஸ் டிக்கட்டை இழுத்துக்கொண்டு போனது. அது ஒரு கல்லில் தடுத்து நின்றது. அதையே பார்த்தேன்.

"திரும்பு." இந்தத் தடவை கிட்டத்தில், கழுத்துக்குப் பின்னாலேயே.

தபேலா திரும்பவும் தொடங்கி எல்லாவற்றையும் மூடியது.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஒரு கை ஹெட்போனைக் கழற்றியது. பெரியவர் அதைத் தன் காதில் வைத்துக் கொஞ்சம் கேட்டார். தலையை ஆட்டினார்.

"நல்ல சாமான். இதைப் போட்டா சாகிறதுகூடத் தெரியாது. இனிப் பஸ்ல போடாதே" என்று சொல்லி, அட்டையையும் வாங்கிக் கொடுத்தார்.

கொட்டிய சாமான்களை மழைக்குள் பொறுக்கினேன். கண்டக்டர்தான் குடையை எடுத்துக் கொடுத்தார். பஸ் புறப்பட்ட பிறகு என் பக்கம் குனிந்து, "மாத்தயா, மெய்யாவே கேக்கலையா?" என்றார்.

"கேக்கல" என்றேன்.

வீட்டில் மனைவி அழுதுகொண்டே கேட்டாள். "ஒண்ணுமே கேக்கலையா உங்களுக்கு?" அவளிடமும் கேக்கல என்றுதான் சொன்னேன். லயத்தில் எங்களுக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் இருந்தது ஒரு மெல்லிய சுவர். யாராவது யாரிடமாவது சொன்னால், அந்த ஆமிப் பெரியவர் திரும்பி வந்து கேட்டால் என்று பயம். யுத்தம் முடிந்த பிறகும் சொல்லவில்லை. அந்தக் கதையை அவள் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

கேட்டது. இரண்டு தடவையும் கேட்டது.