முதல் ரத்தம் மாமனுடையது

மலைமேல் வளப்பூர் நாட்டில் மிளகுக்கொடி வைத்திருந்தும் மரம் ஏறாதவர் மாதேஸ்வரன் ஒருவர்தான். சின்னக் கீறல் பட்டாலும் அவருக்கு ரத்தம் லேசில் நிற்காது, பிறவியிலேயே அப்படி. அதனால் கீழே நின்று வாயாலேயே மிளகு பறிப்பார். "எடது பக்கம் ஒரு கொத்து விட்டுப்போச்சுங்க!" என்று கத்துவார். "ஏனுங்க, நீங்களே வந்து பறிச்சுக்குங்களேன்" என்று மரத்தின் மேலிருக்கும் ஆட்களிடமிருந்து பதில் வரும்.

இரண்டாயிரத்து மூன்றில் அவருடைய தங்கை மகள் யமுனா கர்ப்பமானாள். அந்தக் குறை பெண்ணுக்குள் சத்தமில்லாமல் ஒளிந்திருந்து, அவளுக்குப் பிறக்கும் பையனிடம் தலைகாட்டக்கூடியது. அது யமுனாவிடம் இருந்தால் பிரசவத்துக்கே தனி ஏற்பாடு வேண்டும் என்றார், மலைக்குக் கீழே உள்ள பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா. முதலில் மாமனின் ரத்தம் வேண்டுமாம். அவருடைய மரபணுவில் கோளாறு எந்த இடத்தில் என்று தெரிந்தால்தான் அவளிடம் அதே இடத்தில் தேட முடியும்.

ஊசி என்றதும் மாதேஸ்வரன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தங்கை பாப்பாயி விடவில்லை.

"காதுகுத்துக்கு மாமன் மடி கேட்டாங்க, இப்ப மாமன் ரத்தம் கேக்கறாங்க. மொறைன்னா மொறைதானுங்கண்ணா."

முறை என்றால் வெறுங்கையோடு போவதா? வளைவுக்கு வளைவு பஸ் ஆட, பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்தபடி மலையிறங்கினார். வெற்றிலை பாக்கோடு அதை ரத்தம் எடுக்கும் மேசைமேல் வைத்தார்.

"என்னங்க இது?" என்றாள் நர்ஸ்.

"மாமன் சீருங்க."

"எங்களுக்கு ரத்தம் மட்டும் போதுமுங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டார். குத்திய இடத்தை அவள் பஞ்சால் வெகுநேரம் அமுக்கிப் பிடித்திருந்தாள். ரத்தம் நின்றது. ஆனால் முடிவு வரும்வரை அவர் யமுனாவிடம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாந்தான் உனக்கு இதக் குடுத்துட்டனோ, கண்ணு?"

முடிவு சொன்ன அன்று டாக்டரம்மாவிடமும் அதையே கேட்டார்.

"நீங்க எங்கீங்க குடுத்தீங்க? உங்களுக்கு உங்கம்மா வழியா வந்தது. தங்கச்சிக்கும் வந்திருக்கலாம். ஆனா யமுனாவுக்கு வரலை."

மாதேஸ்வரன் எழுந்தே நின்றுவிட்டார். "மாமன் ஊட்டுச் சொத்துல இது ஒன்ன வேண்டாமுன்னுட்டயே, கெட்டிக்காரி!"

சிரிப்பு அடங்கியதும், சின்ன மகள் சுஜிதாவுக்கும் பார்த்துவிடலாமா என்று கேட்டாள் பாப்பாயி.

"பொண்ண மட்டும் அனுப்புங்க. இடம் தெரிஞ்சுபோச்சே, இனிமே மாமா வரவேண்டியதில்லை" என்றார் டாக்டரம்மா.

மாதேஸ்வரனுக்கு முகம் சுண்டிப்போனது. "அதெப்படீங்க, மாமன் இல்லாமயா?"

சுஜிதா கிளம்பிய அன்று, அவளுக்கு முன்பே பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார்.