ரோசிக்கு விழாத ஓட்டு

திருவொற்றியூர் தாண்டி ஓர் ஆலை வாசலில் நிற்கிறேன். கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கின்றன. கடல்காற்றோடு டீசல் நாற்றம் வருகிறது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காகப் பெரிய கூட்டம் வாசலை மறித்து உட்கார்ந்திருக்கிறது. உள்ளே பேச்சுவார்த்தை நடக்கிறது.

நான் வரலாறு எழுதத் தேடி வந்த குட்டிக் கட்சியும் இந்தக் கூட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஆலையையும் துறைமுகத்தையும் முதலாளியோ அரசாங்கமோ அல்ல, தொழிற்சங்கமே நடத்த வேண்டும் என்பது அதன் கொள்கை. தேர்தலில் நிற்கலாமா, கூடாதா என்ற சண்டையில் கட்சி இரண்டாக உடைந்தது. நின்று தோற்றவர், என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரோசியம்மா. நிற்கவே கூடாது என்றவர் அவருடைய கணவர் மாணிக்கம். அவர் இப்போது பேச்சுவார்த்தையில் இருக்கிறார்.

"வீட்டுக்காரரே உங்களுக்கு ஓட்டு போடலையா?" என்று கேட்கிறேன்.

"போடலியே நைனா! சட்டசபைல இன்னா கீது, எல்லாம் ஆலை கேட்டாண்டதான் கீதுன்னுட்டாரு. ஒரு வாரம் அந்தாளுக்கு நான் சோறே ஆக்கல."

சட்டென்று கேட் திறக்கிறது. மாணிக்கம் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வருகிறார்.

"எல்லாரையும் திரும்ப எடுத்துக்கினாங்க! எல்லாரையும்!"

விசில் பறக்கிறது. லாரி டிரைவர்கள் ஹாரனை அழுத்துகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டித் தூக்குகிறார். நானும் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

ரோசியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே வருகிறார்.

"அன்னிக்கு அவரு சொன்னது கரெக்டுதான் போல. அவராண்ட சொல்லிடாத, இன்னா?"