மொட்டைக் காருக்குள் ஒரு மொட்டைக் கடிதம்

நான் அந்தக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் கணவர் வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி, "கூரை எங்கை?" என்பதுதான்.

மடித்துப் பின்னுக்கு வைத்திருக்கிறது என்றேன். காரை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். இரண்டே சீற். பதினைந்து வருஷப் பழசு. கியரைக் கையால் போடவேண்டும்.

"இஞ்சேரும், உது கார் இல்லை. உது மொட்டை."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது மொட்டைக் கார். சொந்தக்காரர் எவர் தொலைபேசியில் அகப்பட்டாலும் செய்தி போய்விடும். "மனிசி ஒரு மொட்டைக் கார் வாங்கி வைச்சிருக்கிறா. ஓம், ஐம்பத்திநாலு வயசிலை. என்னத்தைச் சொல்லுறது." நான் பக்கத்திலேயே நிற்பேன். எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சொல்லுவார்.

நான் ஏன் வாங்கினேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அஜக்ஸிலிருந்து மிசிசாகாவுக்கு, விமான நிலையத்தின் சரக்குப் பிரிவுக்கு, இருபத்திரண்டு வருஷமாக 401 நெடுஞ்சாலையில் போய் வருகிறேன். அதற்கென்று ஒரு சாம்பல் நிறக் கார் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள் லொறிகளுக்கு நடுவே நின்று நின்று ஊர்ந்துகொண்டிருந்தபோது, பக்கத்து வரிசையில் என்னைவிட வயதான ஒரு பெண் கூரை திறந்த காரில் ஊர்ந்துகொண்டிருந்தாள். என்னைப் போலத்தான் அவளும் வேலைக்குப் பிந்திக்கொண்டிருந்தாள். ஆனால் வானத்தைப் பார்த்துக்கொண்டு பிந்தினாள். எனக்குப் பொறாமை வந்தது. அவ்வளவுதான் காரணம்.

இவர் அதில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "சனம் பார்த்துச் சிரிக்கும்." சரி, ஏறவேண்டாம் என்றேன். இவருக்குத்தான் தன்னுடைய கறிவேப்பிலை மரம் இருக்கிறதே.

அந்த மரத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். சில்லுப் பூட்டிய பெரிய சாடியில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. கோடையில் வீட்டு முன்றலில் வெயில் காயும், குளிர் தொடங்கியதும் வரவேற்பறை யன்னலுக்குப் பக்கத்தில் குடியேறும். இவர் என்னோடு பேசுவதைவிட அதனோடு கூடுதலாகப் பேசுவார். இலையைக் காயவைத்து, இடித்துத் தூளாக்கி, ரெக்ஸ்டேல் வரைக்கும் போத்தல் போத்தலாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். இந்தக் கோடையில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "எப்பிடியண்ணை பச்சை மாறாமல் காயவைக்கிறியள்?" இவர் ஒரு சிரிப்புச் சிரித்து, "அது ஒரு ரெக்னிக்" என்பார். அந்த ரெக்னிக் என்னவென்று நானும் கேட்டதில்லை. கேட்டிருக்கவேண்டும்.

காரின் துணிக்கூரை இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. யூலை மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு மினக்கெட்டு, வீடியோ பார்த்து, நானே புதுக்கூரை பூட்டினேன். எண்ணவே சலிக்கும் அளவுக்கு ஆணிகள். "அம்மா, ஷொப்பிலை குடுக்கலாமே, வை ஆர் யூ லைக் திஸ்?" என்றாள் மகள். கடைசி ஆணியை முறுக்கி, முன்னுக்குக் கொக்கிகளை மாட்டி, துணி பறைமேளம் மாதிரி விறைத்து நின்றபோது எனக்கு உண்மையாகவே பெருமை தாங்கவில்லை. மகளை வெளியே கூப்பிட்டு மூன்று தரம் காட்டினேன்.

ஓகஸ்ட் மழையில் கார் ஒழுகியது.

கூரையில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. ஆனால் சீற்றுக்குப் பின்னாலிருக்கும் தட்டு நனைந்து, கீழே கம்பளம் ஊறி, கால் வைத்தால் சளக் என்றது. யன்னல் ஓரத்து றப்பரை மாற்றினேன். அடுத்த மழைக்கும் சளக். கூரையை இறுக்கினேன். சளக். றப்பர் முழுவதும் சிலிக்கோன் பூசினேன், என் கையெல்லாம் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

போதாக்குறைக்கு வேறு கோளாறுகளும் சேர்ந்துகொண்டன. நான் கட்டை. சீற்றை முன்னுக்கு இழுத்து, ஒரு குஷனும் வைத்துத்தான் ஓட்டுவேன். வேலையால் வந்து பார்த்தால் சீற் தானாகப் பின்னுக்குப் போயிருக்கும். சீற் நகரும் தண்டவாளத்தின் பூட்டுத் தேய்ந்துவிட்டது என்று நினைத்து, சீற்றையே கழற்றி எடுத்து, கிறீஸ் போட்டு, நான்கு ஆணியையும் இறுக்கினேன். அதற்குப் பிறகு இன்னும் இலகுவாகப் பின்னுக்குப் போனது. முதலாம் கியரில் விட்டுப்போன கார் சில நாள் நாலாம் கியரில் நின்றது. கியர்ப்பெட்டியும் போகப்போகிறது என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

செப்ரெம்பர் கடைசியில் பெருமழை. நான் துவாய் துவாயாக நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தேன். இவர் வந்து நின்றார்.

"வின்ரருக்கு உதை எங்கை விடப்போறீர்?"

"கராஜுக்குள்ளை."

எங்கள் கராஜுக்குள் அதுவரை எந்தக் காரும் நுழைந்ததில்லை. மீன் பொரிப்பதும் நண்டு காய்ச்சுவதும் அங்கேதான், வீட்டுக்குள் பொரித்தால் மூன்று நாள் சோபா மணக்கும். காஸ் அடுப்பு, பெரிய பெட்டிக் குளிரூட்டி, அரிசி மூட்டைகள், பிறகு இவர் எறிய மனமில்லாமல் சேர்த்த சாமான்கள். கால் உடைந்த கதிரை மட்டும் ஆறு.

"உந்தக் கோலத்திலை உள்ளுக்கு விட ஏலாது. அரிசியும் சேர்ந்து பூஞ்சணம் பிடிக்கும்."

"வெளியிலை விட்டால் ஸ்னோவுக்குள்ளை கிடந்து உக்கிப்போகும் அப்பா."

"அதைத்தான் நானும் சொல்லுறன். முதல் ஸ்னோவுக்கு முதல் ஒழுக்கை நிப்பாட்டும். நிப்பாட்டினால் கராஜை நானே வெறுமையாக்கித் தாறன். இல்லாட்டி வித்துப்போடும்."

"சத்தியமாய்?"

"சத்தியமாய்."

விற்பது என்ற சொல் எனக்கு நெஞ்சில் அடித்தது. பிள்ளைக்கு, வீட்டுக்கு, ஊருக்கு என்று எவ்வளவோ வாங்கியிருக்கிறேன். எனக்கு மட்டும் என்று நான் வாங்கிய ஒரே பொருள் அந்தக் கார். அன்று ஈரத் துவாயோடு நின்று அழுதேன். அவர் உள்ளே போன பிறகுதான்.

ஒக்ரோபர் முழுவதும் வானிலை அறிக்கையை ஒரு நாளைக்கு நான்கு தரம் பார்த்தேன். கடைசியில், கூரை திறந்த கார்க்காரர்கள் கூடிப் புலம்பும் ஓர் இணையப் பக்கத்தில் யாரோ எழுதியிருந்ததைப் படித்தேன். கூரையில் விழும் தண்ணீர் சீற்றுகளுக்குப் பின்னால் வாய்க்கால் மாதிரியான ஒரு பீலியில் இறங்கி, இரண்டு பக்கத்திலும் உள்ள சிறு துளை வழியாக, குழாயில் ஓடிக் காருக்குக் கீழே விழவேண்டுமாம். துளை அடைபட்டால் தண்ணீர் உள்ளே வழியுமாம்.

ஒரு புதன்கிழமை வேலையால் வந்த கையோடு, புல்வெட்டும் மெசினின் நைலோன் நூலை வெட்டி எடுத்து, வலதுபக்கத் துளைக்குள் விட்டுக் குத்தினேன். ஏதோ தடுத்தது. முறுக்கி இழுத்தேன். கறுத்த கட்டி ஒன்று வந்தது. பிறகு கடகடவென்று இரண்டு வாளித் தண்ணீர் காருக்குக் கீழே கொட்டியது. இடதுபக்கமும் அப்படியே.

மேப்பிள் இலை என்றுதான் நினைத்தேன். ஆனால் கட்டியில் இரசம் மணத்தது. பிரித்துப் பார்த்தேன். மெல்லிய ஈர்க்கு, அதன் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலை. நடுவில் ஒரு துண்டுக் கடதாசி, தமிழ்க் கடைகளில் சும்மா கிடைக்கும் பத்திரிகையின் ராசிபலன் பக்கம். மிதுன ராசிக்கு வாகன யோகம் என்று போட்டிருந்தது.

நான் விடிய ஐந்து மணிக்கு வேலைக்குப் போவேன். இவருக்குப் பின்னேர வேலை, இரண்டு மணிக்குத்தான் வெளிக்கிடுவார். காலை முழுவதும் வீட்டில் இவர், முன்றலில் கார், காருக்கு மேல் வெயில். பூட்டிய காருக்குள் எப்படிக் காயும்? பச்சை மாறாமல்தான் காயும். சீற்றுக்குப் பின்னாலிருக்கும் தட்டில் பத்திரிகையை விரித்து இலையைப் பரப்பிவிட்டு, எடுக்கும்போது ஓரத்தால் சிந்தியதை எல்லாம் பீலி வாங்கிக்கொண்டிருக்கிறது. ஊரெல்லாம் புகழ்ந்த ரெக்னிக் என்னுடைய கார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றே மரத்தைச் சாடியோடு பிடுங்கியிருப்பேன். பிடுங்காததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தத் துளைகளின் வாயில் இலை விழாமல் தடுக்க ஒரு சின்ன வலை மூடி இருக்கவேண்டும். யூலையில் கூரை பூட்டும்போது அந்த இரண்டு மூடியும் என் கையால் உடைந்தன. இது என்ன பெரிய சாமானா என்று நான்தான் குப்பையில் போட்டேன். இதை இன்றுவரைக்கும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லும் எண்ணமும் இல்லை.

ஆகவே நேருக்கு நேர் சண்டை சரிவராது. கலியாணம் குழப்பவும் பள்ளிக்கூட அதிபரை மாற்றவும் எங்கள் சனம் காலங்காலமாகக் கையாண்ட முறைக்குப் போனேன். குசினி மேசையில் கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்து வைத்து, கையெழுத்துத் தெரியாமலிருக்க இடக்கையால் எழுதினேன்.

"கனம் ஐயா, தாங்கள் காலை வேளைகளில் பிறர் காருக்குள் கறிவேப்பிலை காயப்போடுவது எங்களுக்குத் தெரியும். ஒழுக்கின் மூலகாரணம் தாங்களே. குழாயிலிருந்து எடுக்கப்பட்ட சான்று இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. ஒழுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கராஜ் வெறுமையாக்கப்படாவிட்டால் மரத்துக்கு ஏற்படும் சேதங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல. இப்படிக்கு, நலன்விரும்பி."

கறுத்த கட்டியை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, கடிதத்தோடு சேர்த்துச் சீற்றுக்குப் பின்னாலிருந்த தட்டில் வைத்தேன்.

வியாழக்கிழமை முழுவதும் வேலையில் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அழைப்பும் இல்லை. வீட்டுக்கு வந்து ஓடிப்போய்ப் பார்த்தால் கடிதமும் இல்லை, பையும் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு வேலையால் வந்து சாப்பிடும்போது இவர் குளிரைப் பற்றிப் பேசினார். சனி காலை கராஜுக்குள் தடால் முடால் என்று சத்தம்.

போய் எட்டிப் பார்த்தேன். ஆறு கதிரையும் தெரு ஓரத்தில் குப்பைக்குப் போயிருந்தன. அரிசி மூட்டைகள் பேஸ்மன்ருக்கு இறங்கியிருந்தன.

"என்னப்பா, திடீரெண்டு?"

"சும்மாதான். வின்ரர் வருதெல்லே."

"ஒழுக்கு நிண்டிட்டுதோ எண்டு ஒருக்கா கேக்கேல்லையே?"

"நிண்டிருக்கும்," என்றார், அடுப்பைத் துடைத்துக்கொண்டே. என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காரைப் படுக்கப்போடும் வேலை. துணிக்கூரையைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு தண்ணீர் ஒட்டாத மருந்து அடித்தேன். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்று சப்பளியாமலிருக்க டயர்களுக்குக் கூடுதலாகக் காற்று ஏற்றினேன். புகைக்குழாய்க்குள் எலி குடியேறாமல் அடைப்பதற்கு இரும்புத் தும்பு, பற்றரிக்குச் சார்ஜர், எல்லாம் தயார். பெற்றோல் பழுதாகாமலிருக்கும் திரவத்தையும் ஊற்றியாயிற்று. அது எஞ்சினுக்குள் போய்ச் சேர ஒரு இருபது நிமிஷம் ஓட்டவேண்டும். சாவியை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தேன்.

சீற்றில் ஒரு கொப்பித்தாள் மடித்துக் கிடந்தது. இதுவும் இடக்கை எழுத்து, என்னுடையதைவிட மோசம். அப்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மணி, குற்றம் ஒப்புக்கொள்ளப்படுகிறது. மரத்தை விட்டுவிடவும். கனடாவுக்கு வந்த பிறகு கியர்க் கார் ஓட்டவில்லை. மறந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். நின்ற இடத்திலேயே கியரைப் போட்டுப் பார்த்ததில் கை மறக்கவில்லை. பூட்டிவைக்க முதல் ஒரு தடவை ஓட்டத் தரமுடியுமா? கூரையைத் திறந்து. இப்படிக்கு, இன்னொரு நலன்விரும்பி."

சிரிப்பு நின்றுவிட்டது. நாலாம் கியர். இந்த மனிதர் கோடை முழுவதும் எஞ்சினைப் போடாமல், இந்த முன்றலில் உட்கார்ந்து, எங்கெல்லாமோ ஓடியிருக்கிறார். நான் சீற்றுக்குக் கிறீஸ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

உள்ளே போனேன். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். சாவியை யன்னல் ஓரத்தில் வைத்தேன்.

"இஞ்சேருங்கோ, தொப்பியைப் போட்டுக்கொண்டு வாங்கோ. குளிரும்."

முதல் சந்தியில் கார் மூன்று தரம் நின்றது. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். "சனம் பார்த்துச் சிரிக்குதப்பா," என்றேன். "சிரிக்கட்டும்," என்றார். நாலாவது தரம் கிளச் பிடிபட்டது. ஏரிக்கரைப் பக்கம் திரும்பியபோது நாலாம் கியரைப் போட்டார், இந்த முறை உண்மையாக.

திரும்பி வரும் வழியில் என் மடியில் ஏதோ வெள்ளையாக விழுந்தது. பிறகு அவருடைய தொப்பியில். முதல் ஸ்னோ.

"கூரையைப் போடுவமே?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும். ஒழுகினால் தண்ணி போக வழி இருக்குத்தானே," என்றார்.

காரை அவரே கராஜுக்குள் விட்டார். விழுந்த ஸ்னோவைத் தட்டி, உள்ளே துடைத்து, கூரையை மூடினேன். உறை போடுவதற்கு முதல் வழக்கம்போலச் சீற்றை முன்னுக்கு இழுக்கக் குனிந்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டு உறையைப் போட்டேன்.