பூதக்கண்ணாடி திருத்திய எண்

அச்சகத்தில் அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். மூலத்தை இடது பக்கமும் அச்சுப்படியை வலது பக்கமும் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இருபத்தாறு வருடமாக வரிவரியாகப் பார்த்துவருபவர். மருந்து வாங்கினால்கூட டாக்டர் சீட்டையும் மாத்திரை அட்டையையும் ஒப்பிட்டுவிட்டுத்தான் வாயில் போடுவார்.

முழங்கால் அறுவைக்குப் பிறகு அச்சகத்தின் மூன்று மாடியை ஏற முடியவில்லை. "வீட்லருந்தே பாருங்க. முதல் புத்தகம் சரியா வந்துச்சுன்னா தொடர்ந்து தர்றேன்" என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்த முதல் புத்தகம் இன்று மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டும். திருத்தங்கள் நேற்றே முடிந்துவிட்டன.

இரண்டு மணிக்கு அனுப்ப உட்கார்ந்தால், உள்ளறையில் இணைய இணைப்பு வந்து வந்து போனது. கூடத்தில் கணக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த மனைவியும் கத்தினாள்: "என்னங்க, பிள்ளைங்க மூஞ்சியெல்லாம் அப்படியே நின்னு போச்சு!"

இரண்டு கணினிக்கும் ஜன்னலோரத்து இணையப் பெட்டி ஒன்றிலிருந்துதான் கேபிள். அவள் மேஜைக்கு அடியில் தவழ்ந்து கேபிள்களைப் பிடுங்கிச் செருகினாள். பெட்டியை அணைத்துப் போட்டாள். கோப்பைப் பென்டிரைவில் எடுத்துவந்து கூடத்துக் கணினியில் அனுப்பிப் பார்த்தார்கள். பாதியில் அறுந்தது. மணி இரண்டரை.

"தம்பிக்குப் போன் போடு" என்றார்.

போன வாரம் இணைப்பைப் போட்டுக்கொடுத்தவன் அவள் தம்பி. ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் போட்டு, அதைத் தனித்தனித் தாளில் எழுதி அந்தந்தக் கணினிக்கு மேல் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தான். "அக்கா, ரெண்டு ஸ்கிரீன்லயும் அந்த நம்பரப் படி" என்றான். ஸ்பீக்கரைப் போட்டு, கைபேசியோடு கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடந்து படித்தாள்.

"ரெண்டுக்கும் கடைசியில மூணா? ஒண்ணுல ரெண்டு போட்டேனே. யாரு கை வெச்சது?"

அவர் தொண்டையைச் செருமினார். "காலையில சும்மா உட்கார்ந்திருந்தேன். ரெண்டு தாளையும் ஒப்பிட்டேன் மாப்ளே. மத்ததெல்லாம் ஒண்ணா இருக்கு, கடைசி எண் மட்டும் வேறயா இருந்துச்சு. எழுதறப்ப உனக்குத் தவறிடுச்சுன்னு நெனச்சு, கூடத்துக் கம்ப்யூட்டர்லயும்..."

"திருத்திட்டீங்களா! மாமா, ஒரு தெருவுல ரெண்டு வீட்டுக்கும் ஒரே கதவு எண் போட்டா தபால்காரன் எங்கே போவான்?"

"எனக்கு வாய்ச்சவரு கதவு எண்ணையே திருத்தறவரு" என்றாள் மனைவி. "எந்த இடத்துல மாத்தணும், அதச் சொல்லுடா."

கூடத்துக் கணினியில் மூன்றை இரண்டாக்கினாள். கோப்பு நகர்ந்தது. நாற்பது, அறுபது, தொண்ணூறு. அவர் மூச்சை விட்டது அடுத்த அறைவரை கேட்டது. போய்ச் சேர்ந்தபோது இரண்டு ஐம்பத்திரண்டு.

கொஞ்ச நேரத்தில் மேலாளர் கூப்பிட்டார். "வந்துடுச்சு. மெஷின் ஓட ஆரம்பிச்சாச்சு. பின்னட்டையில விலை விட்டுப்போனதக்கூடப் பிடிச்சிருக்கீங்களே! அடுத்த புத்தகம் சாயங்காலம் அனுப்பறேன்."

"அனுப்புங்க சார், அனுப்புங்க" என்றார். இரண்டுமுறை சொன்னது அவருக்கே தெரியவில்லை. காலை நீட்டி, முழங்காலைத் தடவிக்கொண்டார். காலையிலிருந்து சாப்பிடாதது அப்போதுதான் வயிற்றில் உறைத்தது.