எண்பத்தொன்பதுக்குக் கைதட்டிய நாள்

ஹைதராபாத் அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டரில் இருபத்திரண்டு வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான். தொண்ணூற்றெட்டு வாங்கி வந்த பிள்ளையிடமும், "மீதி ரெண்டு எங்க போச்சு?" என்று கேட்டே பழகிய வாய். அந்தப் புத்தியோடுதான் என் கணவரின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன்.

அவர் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்தவர். பட்டறைப் புகையும் பீடியும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்திருந்தன. ஹப்சிகுடாவில் எங்கள் வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. எட்டு மாதமாகத் தெருவை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். தன் காலால் இறங்கிப் போய் முனைக் கடையில் ஒரு சாய் குடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தபோதே டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் போதும், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எண்பத்தெட்டுக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் மீட்டர் தொண்ணூறு காட்டும்போதெல்லாம் என் புத்தி மீதி பத்தைத் தேடியது. ஒரு நாள் குமிழைத் திருகி மூன்று லிட்டர் வைத்தேன். தொண்ணூற்றெட்டு வந்தது. ஊரைக் கூட்டிச் சொல்லாத குறைதான்.

மறுநாள் காலை தலை வலிக்கிறது என்றார். காபி டம்ளரைப் பிடித்தபடியே தூங்கி வழிந்தார். பெயரைச் சொல்லி உலுக்கியும் கண் திறக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில்தான் மாடி இறங்கினார்.

மெஷினை எவ்வளவில் வைத்தேன் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன்.

"இவர மாதிரி நுரையீரலுக்கு ஆக்சிஜன் அதிகமானா கெட்ட காத்து வெளிய போகாம உள்ளயே தங்கிடும். உங்கள நூறு யாரும்மா கேட்டது?"

என் மார்க் பைத்தியம் அவரைக் கொன்றிருக்கும்.

நான்கு நாளில் பிழைத்து எழுந்தவர் முதலில் சொன்னது இதுதான்: "ஸ்கூல்லயே நான் முப்பத்தஞ்சத் தாண்டினதில்ல. நூறெல்லாம் நமக்கு நக்கோ, வேணவே வேணாம், டீச்சர்." அழுதுகொண்டே சிரித்தேன்.

அப்புறம் பயிற்சி. உதட்டைக் குவித்து மூச்சை மெல்ல விட்டபடி கட்டிலிலிருந்து ஹால், ஹாலிலிருந்து வாசல், வாசலிலிருந்து நான்கு படி. குமிழ் ஒரு லிட்டரிலேயே இருந்தது. என் கை அதன் பக்கம் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்ன சிலிண்டர் பையை நான் தோளில் மாட்டிக்கொள்ள, முப்பத்தாறு படியையும் நின்று நின்று தானே இறங்கினார். சாய் குடித்தார். பிஸ்கட்டும் கேட்டு வாங்கினார். முப்பத்தாறு படியையும் திரும்ப ஏறினார்.

நாற்காலியில் உட்கார்ந்து விரலை நீட்டினார். எண்பத்தொன்பது.

"பாஸா, டீச்சர்?"

மீதி பதினொன்று எங்கே என்று நான் கேட்கவில்லை. எழுந்து நின்று கைதட்டினேன்.